தாம்பரத்துக்கு அப்பால்

அம்மாசிக்கு மெட்ராஸில் தெரியாத சந்து கிடையாது. அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூரை எந்த வழியாகச் சுற்றினால் லஸ்ஸில் போய் வெளியே வரலாம், மழை பிடித்தால் தி.நகரில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கோட்டூர்ப் பக்கம் அடையாற்றங்கரைக் குடிசையில் ஓர் அமாவாசையன்று பிறந்தான். அதனால்தான் அம்மாசி. மண் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, வண்டி பழகி, லைசென்ஸ் எடுத்து, அடையாறில் ஒரு கண் டாக்டரின் காரைப் பல வருஷம் ஓட்டினான். டாக்டர் போவதெல்லாம் வீடு, ஆஸ்பத்திரி, கிளப். எப்போதாவது தாம்பரத்தில் இருக்கும் தங்கை வீடு. தாம்பரத்துக்கு அப்பால் ரோடு எப்படிப் போகிறது என்று அம்மாசி பார்த்ததில்லை. பார்க்கும்படியான வேலையும் வரவில்லை.

டாக்டர் காரை விற்றுவிட்டு மகனோடு இருக்க டில்லிக்குப் போனபோது அம்மாசிக்கு வேலை போயிற்று. உஸ்மான் ரோட்டுப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த வெள்ளைத்துரை ஒரு பழைய ஸ்டாண்டர்டு வேன் வாங்கியிருக்கிறார், டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். அவனுக்கு முன்னால் இன்னொருவன் கடைப் படியில் காத்திருந்தான்.

வெள்ளைத்துரை சாத்தான்குளத்துக்காரர். சின்ன வயதில் ரயிலேறி வந்து, எடுபிடியாக இருந்து, சொந்தக் கடை போட்டவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"வெளியூர் ஓட்டியிருக்கியாடே?"

"ஓட்டிக்கீறேன் மொதலாளி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். படியில் காத்திருந்தவனின் பளிச்சென்ற காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அம்மாசியின் வாய் தானாக இன்னும் கொஞ்சம் திறந்தது. "தஞ்சாவூரு, மதுரை, அல்லாமே."

வேலை கிடைத்தது. கல்யாண மண்டபங்களுக்கு அண்டாவும் குண்டாவும் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. மூன்று வருஷம் வேன் ஊரைத் தாண்டவில்லை. தஞ்சாவூரும் மதுரையும் அம்மாசிக்கே மறந்துபோயின.

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வெள்ளைத்துரைக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர், கோடையில் ஒரு மாசமாவது கடைப்பக்கம் போகக் கூடாது என்றும் சொன்னார். வெள்ளைத்துரை வீட்டிலிருந்தால் கடைக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. சொந்த ஊருக்குப் போனால், மெட்ராஸ் முதலாளி வந்திருக்கிறார் என்று ஆள் ஆளாக வழக்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்போது மகன் ஜவஹர் ஒரு யோசனை சொன்னான். அவன் காலேஜில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தான். வைகாசி கடைசியில் ஊரில் வெள்ளைத்துரையின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்கு எப்படியும் போயாக வேண்டும். ஒரேயடியாகப் போகாமல், மூன்று வாரம் முன்னதாக வேனில் கிளம்பி, காஞ்சிபுரம், செஞ்சி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று பழைய ராஜாக்களின் ஊர்களில் தங்கித் தங்கிப் போனால் என்ன? கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார்.

வெள்ளைத்துரை ஒத்துக்கொண்டதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் ஒத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணம் இன்னும் ஆச்சரியம். "அதான் அம்மாசிக்கு வழியெல்லாம் தெரியும்லா."

அன்று சாயங்காலம் அம்மாசியை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். கூடத்தில் ஒரு பெரிய ரோடு மேப் விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் எவர்சில்வர் தம்ளர்கள். மேப்பில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அம்மாசிக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். சிவப்பும் நீலமுமாய் நரம்பு நரம்பாய் ஓடும் கோடுகளைக் குனிந்து பார்த்து, தெரிந்தவன்போல் மோவாயைத் தடவினான்.

"அம்மாசி அண்ணே, செஞ்சியில இருந்து சிதம்பரத்துக்கு எந்த ரோடு நல்லா இருக்கும்?" என்றான் ஜவஹர்.

"ரோடு நல்லாத்தான் கீது தம்பி."

"எந்த ரோடு?"

"அல்லாமே."

வெள்ளைத்துரை திருப்தியோடு தலையாட்டினார். "கேட்டியா? அனுபவஸ்தன் பேச்சு."

அவருடைய மனைவி பேச்சியம்மாள் தூணோரம் நின்று அம்மாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மாசிக்கு நிம்மதி போயிற்று. தினமும் ஒரு புது ஊர் பட்டியலில் சேர்ந்தது. ஊர்ப் பெயர்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. திருவாரூர், திருவையாறு, திருவானைக்காவல். மூன்றும் ஒன்றா, வேறு வேறா? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம் போகவேண்டும் என்றான் ஜவஹர். மதுரைக்குப் பக்கத்தில் இருப்பதுதானே திருப்புவனம் என்றாள் பேச்சியம்மாள். இரண்டும் உண்டு என்று ஜவஹர் சொன்னபோது அம்மாசிக்கு நெற்றி வேர்த்தது. கங்கைகொண்ட சோழபுரம் வந்தபோது குழப்பம் உச்சத்துக்குப் போயிற்று.

"கங்கைகொண்டானா? அது நம்ம திருநவேலிக்கு வடக்கால்லா இருக்கு. அங்க என்னத்தப் பாக்க?" என்றார் வெள்ளைத்துரை.

"அது வேற அப்பா. இது ஜெயங்கொண்டம் பக்கத்துல."

"அப்ப ஜெயங்கொண்டம்னே சொல்லேன். ஏன் கங்கைகொண்டான்னு சொல்லுத?"

அப்பாவும் மகனும் அம்மாசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தான். கங்கையைக் கொண்டவர் யார், ஜெயத்தைக் கொண்டவர் யார், இருவரும் ஏன் பக்கத்துப் பக்கத்திலும் இருக்கிறார்கள், திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை.

குடிசை வரிசையில் பஞ்சாட்சரம் என்ற லாரி டிரைவர் இருந்தான். அம்மாசி அவனிடம் போய் உட்கார்ந்தான்.

"நைனா, செஞ்சிக்கு எப்படிப் போறது?"

"திண்டிவனம் போ. அங்க எனக்கு ஆக்ஸில் ஒட்ஞ்சிச்சே, அந்த எடத்துல ரைட்டு."

"எந்த எடத்துல ஒட்ஞ்சிச்சி?"

"ஒரு சோடாக் கடை கீது பாரு, அத்தாண்ட."

"சிதம்பரம்?"

"அது பேஜாரு ரோடு. ரெண்டு டயரு பூட்ச்சி. ஒரு வாய்க்கா வரும், வாய்க்காலத் தாண்டுனா இன்னொரு வாய்க்கா வரும். நீ கம்முனு போய்க்கினே இரு."

மறுநாள் கேட்டபோது சோடாக் கடை டீக்கடையாகிவிட்டது, ரைட்டு லெஃப்டாகிவிட்டது. பஞ்சாட்சரம் பொய் சொல்கிறவன் இல்லை. பத்து வருஷத்து ரோடுகள் அவன் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அம்மாசியின் மனைவி முனியம்மாள் விடியற்காலையில் ஊரூர் குப்பத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு அடையாறும் தி.நகரும் சுற்றி விற்பவள். இதையெல்லாம் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"யோவ், மொதலாளிகிட்ட தெர்யாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா மூணு வருசத்துக்கு மின்னாடியே பொய் சொன்னேன்னு ஆவும்மே. வேலை பூடும்."

"வேலை பூட்டா பூட்டுப்போவுது. குடும்பத்த இட்டுகினு போயி ஏதாவது பள்ளத்துல எறக்கிட்டியானா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூங்கும்போதும் உதடு முணுமுணுத்தது. திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி. வரிசை சரியா என்று கேட்கவும் ஆள் இல்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. முதலாளி தனியாக இருந்த நேரம் பார்த்து மெல்ல ஆரம்பித்தான்.

"மொதலாளி, நெஞ்சுவலி வந்த ஒடம்பு. வேன்ல மூணு வாரம் குலுங்கிகினு போவணும். கத்திரி வெயிலு வேற. பெட்ரோலு விக்கிற வெலைக்கு... ரயில்ல படுத்துகினே பூடலாமே?"

வெள்ளைத்துரை அவனை உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "என் மேல இவ்வளவு கருத்து உள்ளவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். டாக்டரிடம் கேட்டார். டாக்டரும் ரயில்தான் நல்லது என்றார். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மேப் மடிந்து பீரோமேல் ஏறியது. ஜவஹர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேச்சியம்மாள் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் அதிகமாகவே சத்தப்படுத்தினாள்.

அம்மாசி நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. காலையில் வண்டியைத் துடைக்கும்போது வாய் தானாகச் சொல்லியது: செஞ்சி, சிதம்பரம், தாராசுரம். தாராசுரத்தில் கல்லுக்குச் சக்கரம் வைத்துத் தேர்போல ஒரு மண்டபம் இருக்கிறது என்று ஜவஹர் சொல்லியிருந்தான். கல்லுக்கு எதற்குச் சக்கரம்? அது ஓடுமா? இனி அதைப் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தபோது என்னவோபோல் இருந்தது. தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா, இழந்ததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

மே மாதம் பிறந்ததும் ஊரெல்லாம் ஒரே பேச்சு. ரயில்வேக்காரர்கள் ஸ்டிரைக் செய்யப்போகிறார்கள். செய்ய மாட்டார்கள், பேசி முடித்துவிடுவார்கள் என்றார் வெள்ளைத்துரை. செய்துவிட்டார்கள். வண்டிகள் நின்றன. எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குத் தாய்மாமன் போகாமல் முடியாது.

"எடு அந்த மேப்பை" என்றார் வெள்ளைத்துரை. பேச்சியம்மாள் ஏற்கெனவே எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள்.

இரண்டு நாளில் கிளம்பினார்கள். ஸ்டவ், குடிதண்ணீர்க் கூஜா, மூன்று படுக்கை, தாய்மாமன் சீராக எவர்சில்வர் பாத்திரங்கள். வேனுக்குள் கால் நீட்ட இடமில்லை. கிண்டி தாண்டியதும் அம்மாசி ஒரு காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டான். அது நின்றால் நின்றான், போனால் போனான்.

"ஏன்டே பஸ்ஸுக்குப் பின்னாலயே போற? முந்து" என்றார் முதலாளி.

"மொதலாளிக்கு ஒடம்பு அலுங்கக் கூடாது."

காஞ்சிபுரம் அப்படியே வந்துவிட்டது. இரண்டு நாள் தங்கி, கோயில் கோயிலாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டில் அம்மாசி ரகசியமாக ஒரு கண்டக்டரிடம் செஞ்சிக்கு எந்த பஸ் என்று விசாரித்தான். அவசரத்திலிருந்த கண்டக்டர் எதையோ கைகாட்டினார். அம்மாசி அதைப் பிடித்துக்கொண்டான். பாலாற்று மணலைத் தாண்டி, பனங்காடுகளுக்கு நடுவே வெகுநேரம் போனார்கள். வெயில் ஏறியது. வழியில் எதிரே வந்த ஒரு மாட்டுவண்டிக் கூட்டத்தில் பஸ் கலந்து மறைந்தது. அம்மாசி நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் பஸ் இல்லை, மைல்கல்தான் இருந்தது. ஜவஹர் அதை வாய்விட்டுப் படித்தான்.

"ஆரணி. அப்பா, நம்ம வரிசையில ஆரணியே கிடையாதே?"

"அம்மாசி, இது எந்த ரோடு?" என்றார் வெள்ளைத்துரை.

அம்மாசி வேனை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"தெர்யாது மொதலாளி."

"தெரியாதுன்னா? மறந்துபோச்சா?"

"மறக்கல. மொதல்லர்ந்தே தெர்யாது. தாம்பரத்தத் தாண்டுனதே இல்ல நானு."

வெள்ளைத்துரையின் முகம் சிவந்தது. "பொய் சொன்னவனை நம்பிக் குடும்பத்தை ஏத்திட்டு வந்திருக்கேனா? மூணு வருசமா? ஊர் போய்ச் சேரட்டும், உன் சீட்டைக் கிழிக்கேன்" என்று கத்தியவர் சட்டென்று நெஞ்சைப் பிடித்தார். ஜவஹர் பதறி எழுந்தான். அம்மாசி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். அவர் அவன் கையைத் தள்ளிவிட்டார். "ஒண்ணுமில்ல. சட்டைப் பித்தான் குத்துது."

அப்போதுதான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு முன்னாலயே தெரியும்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"முனியம்மா மீன் கொண்டாரும்போது சொன்னா. 'அவருக்கு வழி தெரியாதும்மா, சொல்லப் பயப்படுதாரு, நீங்க பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லி அழுதா."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்த? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா போக்கையே நிறுத்திப்புடுவிய." பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கல்யாணமாகி வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஊருக்குப் போனா ரயிலு, வந்தா ரயிலு. அதுவும் ராத்திரி வண்டி. விழுப்புரமோ, தஞ்சாவூரோ, எல்லாத்தையும் தூக்கத்துல தாண்டியிருக்கேன். நடுவுல என்ன இருக்குன்னு பகல்ல பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? இவனுக்குத் தெரியலன்னா போறவ வாறவகிட்டக் கேட்டுக்கிடலாம்னு இருந்தேன். வாய்தான் இருக்கே."

வெள்ளைத்துரை மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஓர் ஆசையை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று புரியாமல் இறங்கிப் போய் மரத்தடியில் நின்றார். பாயோ புல்லோ தலையில் சுமந்து ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். கடையில் உட்கார்ந்து பிறருக்குப் பதில் சொல்லியே பழகியவர், தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, செஞ்சிக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் செஞ்சி வந்தது. மூன்று மலைகளிலும் கோட்டைச் சுவர் ஏறி இறங்குவதைப் பார்த்து ஜவஹர் வேன் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினான். வெள்ளைத்துரை அம்மாசியோடு பேசவில்லை. தன்னை நிறுத்திவிட்டாரா, ஊர் போன பிறகுதான் நிறுத்துவாரா, அல்லது மறந்துவிட்டாரா என்று அம்மாசிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாயிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் முதலாளியே கண்ணாடியை இறக்கி வழி கேட்டார். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு வழி சொன்னார்கள். மூன்றாவது ஆளிடம் கேட்டு, பேச்சியம்மாள் எதைச் சொல்கிறாளோ அதில் போனார்கள். பண்ருட்டியில் ஒரு பலாப்பழத்தை வாங்கி அதன் வாசனையோடே நாலு ஊர் தாண்டினார்கள். சோழபுரத்துக்குப் போக வழி கேட்டு வேறொரு சோழபுரத்துக்குப் போய்த் திரும்பினார்கள். தாராசுரத்துச் சக்கரத்தை அம்மாசி கையால் தள்ளிப் பார்த்தான்.

தஞ்சாவூரில் மத்தியானம் பெரிய கோயிலுக்குள் போனார்கள். காலை வைக்க முடியாத சூடு. ஜவஹர் எந்த ராஜா, எந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே அப்பாவை ஒரு பக்கம் கூட்டிப் போனான். அம்மாசி பிரகாரத்து நிழலில் உட்கார்ந்து மேலே பார்த்தான். பேச்சியம்மாளும் சற்றுத் தள்ளி வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு அம்மாசி?"

அவன் மேலே பார்த்தபடியே கேட்டான். "இவ்ளோ பெர்சா கட்டிட்டு எங்கம்மா போனாங்க அல்லாரும்?"

அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாசிக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. வேலை போகப்போகிறதே என்றா, இதைப் பார்த்துவிட்டோமே என்றா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாத்தான்குளம் போய்ச் சேர்ந்தார்கள். பாத்திரங்களில் இரண்டு நசுங்கியிருந்தன. அதற்குள் ஸ்டிரைக் முடிந்து ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. திரும்பும்போது நாங்கள் ரயிலில் வருகிறோம் என்றார் வெள்ளைத்துரை. வேன் சாவியை அம்மாசியின் கையில் வைத்து, "நேரா மெயின் ரோட்டையே பிடிச்சுப் போ. வண்டியைக் கடையில என் தம்பிகிட்ட ஒப்படைச்சுரு. மத்ததை நான் வந்து பேசுதேன்" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

தனியாக ஓட்டிக்கொண்டு அம்மாசி கோட்டூருக்கு வந்தபோது முனியம்மாள் ஆற்றோரம் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்மே அம்மாகிட்ட சொன்னே?"

"ஆளு எங்கியாவது தொலஞ்சி பூட்டா? யாரானா ஒருத்தருக்குத் தெர்ஞ்சிருக்கணும்ல?" என்றாள். பிறகு, "வேலை கீதா, பூட்ச்சா?"

"தெர்லமே."

முதலாளி வந்த பிறகும் அதைப்பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை, மயிலாப்பூரில் ஒரு மண்டபத்துக்கு அண்டா கொண்டுபோகச் சொன்னார். அதன்பின் பதினாறு வருஷம் அம்மாசி அந்தக் கடையில் வண்டி ஓட்டினான். தன்னை ஏன் நிறுத்தவில்லை என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. பேச்சியம்மாள் மட்டும் ஒவ்வொரு சித்திரையிலும், வேன் வாசலில் நிற்கும்போது வெளியே வந்து, "ஏ அம்மாசி, திருவண்ணாமலை பாக்கலையே நாம?" என்பாள். வெள்ளைத்துரை உள்ளேயிருந்து, "முதல்ல வழி கேளு" என்று குரல் கொடுப்பார்.